முப்பத்தைந்துக்குப் பதிமூன்று

கொரோனா இரண்டாவது அலை அடித்த அந்தக் கோடையில், திருப்பதியில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தவர்களில் பாதிப்பேர் பாசிட்டிவா நெகட்டிவா என்று கேட்கவே இல்லை. "எத்தனை வந்துகிது?" என்றுதான் கேட்டார்கள்.

நான் அங்கே டெக்னீஷியன். மாவட்டம் முழுவதிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் சாம்பிள் குப்பிகள் வந்து இறங்கும். பிபிஇ சூட்டை மாட்டிக்கொண்டு, வியர்வை முழங்கைக்கு வழிய, அவற்றைத் திறந்து, பிரித்து, மிஷினில் ஏற்றுவோம். பிச்சாட்டூர் ஏரிக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவள் நான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அதனால் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்து நோயாளிகளிடம் போனில் பேசுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. "தமிழ்வாள்ளு அந்தரூ நீகே," என்று எங்கள் இன்சார்ஜ் மேடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். தமிழ்க்காரர்கள் எல்லோரும் என் பங்கு.

அவர்கள் கேட்ட அந்த 'எத்தனை'க்குப் பெயர் சி.டி. வேல்யூ. மூக்கிலிருந்து எடுத்த சளியில் வைரஸ் இருந்தால் அதை அப்படியே பார்க்க முடியாது. மிஷின் அதன் கூறுகளை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காகப் பெருக்கிக்கொண்டே போகும். போதுமான அளவு சேர்ந்ததும் அது ஒளிரும். எத்தனையாவது சுற்றில் ஒளிர்ந்தது என்பதுதான் அந்த எண். வைரஸ் நிறைய இருந்தால் சீக்கிரமே ஒளிர்ந்துவிடும், எண் சின்னதாக வரும். கொஞ்சமாக இருந்தால் நிறையச் சுற்று வேண்டும், எண் பெரிதாக வரும். எங்கள் கூடத்தில் முப்பத்தைந்தைத் தாண்டினால் நெகட்டிவ் என்று வைத்திருந்தோம்.

அந்த முப்பத்தைந்தில்தான் வம்பு தொடங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் பத்தாம் வகுப்புப் பாஸ் மார்க்கும் முப்பத்தைந்து. ஜனங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

நகரியில் ரிட்டயர் ஆன தலைமையாசிரியர் ஒருவரிடம் பேசியது நன்றாக நினைவிருக்கிறது.

"சார், உங்களுக்குப் பாசிட்டிவ் வந்திருக்கு. வீட்டுல தனியா ஒரு ரூம்ல இருங்க. மூச்சு எப்படி இருக்கு?"

"மூச்சு இருக்கட்டும்மா. எத்தனை மார்க்கு?"

"இருபத்திரெண்டு சார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "என் தம்பிக்கு இருபத்தெட்டு. படிக்கிற காலத்துல எப்பவும் எனக்குக் கீழதான் வாங்குவான்."

எண்ணைப் பற்றிப் பேச வேண்டாம், ஆள் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள் என்பது மேடத்தின் கண்டிப்பான உத்தரவு. ஆனால் ரிப்போர்ட்டிலேயே அச்சாகிப் போய்விடுவதால் மறைக்க வழியில்லை. எண் குறைந்தவர்கள் உயில் எழுதுகிற மாதிரிப் பேசுவார்கள். எண் கூடியவர்கள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, "எனக்குக் கொஞ்சமாத்தான் கீது" என்று கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த வருஷம் தை மாசம்தான் எனக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் சாந்திபுரம். குப்பத்தில் கிரானைட் கல் அறுக்கிற கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். தாத்தா காலம் வரைக்கும் நிலம் இல்லாத குடும்பம். அவர் அம்மா, என் வருங்கால அத்தை, கூலிக்குப் போய் மிச்சம் பிடித்து வாங்கிய நிலத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அத்தைக்குக் குரல் கனம். அடுத்த வயலில் இருப்பவரிடம் பேசிப் பேசியே அப்படி ஆகிவிட்டது என்பார்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "லேப்ல பயமா இருக்காதா?" நான் சொன்னது ஒரே ஒரு பதில். "பழகிடுச்சு." அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரிடமிருந்து ஒரு ரோஜாப்பூ படமும் 'குட் மார்னிங்'கும் வரும். நான் ஒரு கும்பிடு போட்டு அனுப்புவேன். எங்கள் காதல் அவ்வளவுதான். கல்யாணம் வைகாசிக் கடைசியில் என்று பேசி வைத்திருந்தார்கள்.

சித்திரையில் ஒரு லீவு நாள். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் என் கூடவே லேப்பில் வேலை செய்த கடப்பாக்காரி. அவள் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "வாசன தெலியட்லேதா நீக்கு?" என்றாள். வாசனை தெரியவில்லையா உனக்கு என்று. நான் சட்டியின் மேல் முகத்தைக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தேன். வெந்நீர் ஆவி மாதிரி இருந்தது. கருவாட்டுக்கு வாசனை இல்லை என்றால் அதற்கு மேல் பரிசோதனையே தேவையில்லை. ஆனாலும் மறுநாள் போய்க் கொடுத்தேன்.

என் சாம்பிளை அவள்தான் மிஷினில் ஓட்டினாள். மத்தியானம் போன் வந்தது.

"பதமூடு," என்றாள். பதிமூன்று.

அவ்வளவு சின்ன எண்ணை நாங்களே அபூர்வமாகத்தான் பார்த்திருந்தோம். அவள், நான் தினமும் மற்றவர்களைக் கேட்கிற கேள்விகளை அதே வரிசையில் என்னைக் கேட்டாள்.

"ஜுரம் இருக்கா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"வேற என்ன செய்யுது?"

யோசித்துப் பார்த்தேன். "பசிக்குது."

அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வேறொரு தோழியின் அறைக்குப் போய்விட்டாள். வீட்டு ஓனரின் மனைவி மூன்று வேளையும் மாடிப்படியில் ஒரு ஸ்டூல் போட்டு அதில் தட்டை வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போய் நின்று கூப்பிடுவார். நான் எடுத்துக்கொண்டு வந்து, ருசி தெரியாமலே முழுவதையும் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று மேலிருந்து கேட்பேன். மேடம் போன் செய்து, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற மிஷினை வைத்து அடிக்கடி பார்க்கச் சொன்னார். அது எப்போதும் தொண்ணூற்றெட்டிலேயே நின்றது.

சம்பந்தி வீட்டுக்கு எதையும் மறைக்கக் கூடாது என்பது என் அம்மாவின் கொள்கை. அன்றைக்கே அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "பொண்ணுக்குக் கொரோனா வந்துகிது சம்பந்தி. நம்பரு பதிமூணாம்." அத்தை நேராகச் சச்சிவாலயத்துக்குப் போயிருக்கிறார். கிராமத்து அரசாங்க ஆபீசை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அங்கிருந்த வாலண்டீர், இருபதுக்குக் கீழே என்றால் வைரஸ் நிறைய இருக்கிறது என்று அர்த்தம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அது சாந்திபுரத்தின் கடைசி வீட்டை அடைவதற்குள், பெண்ணுக்கு உடம்பு பூராவும் வைரஸாம், டாக்டர்களெல்லாம் கையை விரித்துவிட்டார்களாம் என்று ஆகிவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிப் போடு என்றார் ஒரு உறவுக்காரர். வேறு இடம் பார் என்றார் இன்னொருவர்.

அத்தை என்னைக் கூப்பிட்டார். அந்தக் கனத்த குரல் நூல் மாதிரி வந்தது.

"பாப்பா, பேச முடியுதா?"

"முடியுது அத்தை."

"கஷ்டப்பட்டுக்கினு பேசாத."

"கஷ்டமே இல்ல அத்தை. இப்பதான் இட்லி துன்னேன்."

"ஒண்ணாவது உள்ள போச்சா?"

"ஆறு."

"ஆறா?"

"இன்னும் கேட்டேன். மாவு தீந்துபோச்சாம்."

அவர் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக நான் நாடகம் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதார். மறுநாள் நைனா, என் அப்பா, மாம்பழக் கூடையோடு பைக்கில் வந்து தெருவில் நின்றார். நான் பால்கனியில் வந்து நின்றேன். அவர் கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா, கல்லு மாதிரி கீற," என்றார், கொஞ்சம் ஏமாந்தவர் போல. கூடையைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் தெரிந்த எண்ணிலிருந்து, ஆனால் அதுவரை ஒருமுறைகூடக் குரல் வராத எண்ணிலிருந்து, போன் வந்தது.

"நான்தான்."

"யாரு?"

"குட் மார்னிங்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் அது இருமலில் போய் முடிந்தது. அவருக்கும் காய்ச்சல் வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கம்பெனியில் நிறையப் பேருக்கு வந்திருந்தது. குப்பத்தில் சாம்பிள் கொடுத்து, அன்றுதான் ரிப்போர்ட் வந்திருந்தது.

"எனக்கு முப்பத்திரெண்டு," என்றார். "மூணு மார்க்ல போச்சு. நீதான் மோசமா ஃபெயிலாயிட்டியாமே. எப்படி கீற?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கு இன்னா, கொஞ்சூண்டுதான்."

அதற்குப் பிறகு தினமும் பேசினோம். இருவரும் தனித்தனி அறையில் அடைந்து கிடந்ததால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. கிரானைட்டில் எத்தனை வகை, குப்பம் சந்தையில் தமிழில் விலை கேட்டால் கன்னடத்தில் பதில் வருவது, தக்காளி விலை விழுந்த வருஷம் அத்தை ஒரு வியாபாரியைத் துரத்திக்கொண்டு ஓடியது என்று அவர் கதை கதையாகச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டே மாம்பழம் சாப்பிடுவேன். சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய பஞ்சு மாதிரி இருந்தது. ஆனாலும் கூடை காலியாகிக்கொண்டே வந்தது.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான், அவருடைய வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டு வருவதைக் கவனித்தேன். முதல் நாள் வியாபாரியைத் துரத்திய கதையை ஒரே மூச்சில் சொன்னவர், இப்போது இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்தினார். இரண்டு வார்த்தை, பிறகு ஒரு இடைவெளி. போனில் எத்தனையோ பேரிடம் பேசிப் பேசி அந்த இடைவெளியை நான் அறிவேன்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லியே."

"ஒண்ணு செய்யுங்க. நல்லா மூச்சை இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

ஒன், டூ, த்ரீ என்று தொடங்கினார். நைனில் நின்றுவிட்டது.

"டென் எங்க?"

"டென்... போரடிக்குது."

நான் சிரிக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தையைக் கூப்பிடச் சொன்னேன். அத்தை அறை வாசலில் நின்றபடியே பேசினார்.

"அத்தை, உங்க பிள்ளைக்கு மூச்சு சரியில்ல. ஊர்ல மருந்து குடுக்கிற ஆஷா அக்காகிட்ட விரல்ல மாட்டுற மிஷின் இருக்கும், வாங்கி மாட்டிப் பாருங்க."

"அவனுக்கு ஒண்ணுமில்ல பாப்பா. முப்பத்திரெண்டுதான். நீ உன் உடம்பைப் பாத்துக்கோ."

"அந்த நம்பரை விடுங்க அத்தை. அது மூக்குல எத்தனை இருந்துச்சுன்னு சொல்றது. நெஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. மிஷினை வாங்கியாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனார். திரும்பி வரும்வரை மாப்பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு நான் லைனில் இருந்தேன். அத்தை வந்து மாட்டினார்.

"எண்பத்தெட்டு காட்டுது," என்றார். குரலில் சந்தோஷம். "நூத்துக்கு எண்பத்தெட்டு. நல்ல மார்க்குதானே?"

"அத்தை, இந்தப் பரீட்சையில எண்பத்தெட்டு ஃபெயில். நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க."

"முப்பத்திரெண்டு வந்தவனுக்கு ஆம்புலன்ஸா? பதிமூணு வந்தவ நீ சொல்ற?"

"பதிமூணு வந்தவதான் சொல்றேன். போடுங்க அத்தை."

என் குரலில் என்ன இருந்ததோ, அத்தை உடனே நூற்றெட்டைக் கூப்பிட்டார். நானும் கடப்பாக்காரியும் தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் செய்தோம். சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு ஒரு படுக்கை இருந்தது. பொழுது சாய்வதற்குள் அவரை அங்கே சேர்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த சில நாட்கள்தான் எனக்குக் கடினமாக இருந்தவை. நுரையீரலில் பரவியிருக்கிறது, ஆனால் சரியான நேரத்தில் வந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னதாக அத்தை சொன்னார். அத்தை ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் திருப்பதியில், அறைக்குள், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல். ஸ்டூலில் வைத்த தட்டு முதல்முறையாக அப்படியே திரும்பிப் போனது. ஓனரின் மனைவி கீழே நின்றுகொண்டு, "இப்பதான் உனக்கு நிஜமா வந்திருக்கு போல," என்றார்.

மாப்பிள்ளைக்கு முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். பேசக் கூடாது. அதனால் நான் போன் செய்து பேசுவேன், அவர் போனின் மேல் விரலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. நர்ஸ் ஒருவர் சொல்லிக் கொடுத்த ஏற்பாடு அது.

"குப்புறப் படுத்தீங்களா?"

ஒரு தட்டு.

"சாப்பிட்டீங்களா?"

ஒரு தட்டு. கொஞ்சம் தாமதித்து, மெதுவாக இன்னொரு தட்டு.

"பொய் சொல்லாம தட்டுங்க."

வேறென்ன பேசுவது என்று தெரியாமல், கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் யோசித்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வடை? ஒரு தட்டு. பாயசம்? ஒரு தட்டு. கத்தரிக்காய்ச் சாம்பார்? இரண்டு தட்டு, அதுவும் அவசர அவசரமாக. "கத்தரிக்காய் பிடிக்காதா? எங்க நைனா தோட்டமே கத்தரிக்காய்தான்." இரண்டு தட்டு, மறுபடியும் இரண்டு தட்டு. மூச்சுக்குத் திணறுகிற மனிதர் கத்தரிக்காயை அவ்வளவு உறுதியாக எதிர்த்ததைக் கேட்டதும், இவர் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியது. அதில் எந்த மருத்துவ அறிவும் இல்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

மேடத்திடம் ஒருநாள் போனில் கேட்டேன். "எனக்குப் பதிமூணு, ஒரு தும்மல்கூட இல்ல. அவருக்கு முப்பத்திரெண்டு, ஆக்ஸிஜன்ல இருக்கார். இது எப்படி மேடம்?"

மேடம் அவசரமில்லாமல் தெலுங்கில் சொன்னார். உனக்குத் தொடக்கத்திலேயே எடுத்தோம், மூக்கு நிறைய இருந்தது. அவர் காய்ச்சல் வந்து நாள் கழித்துப் போனார், அதற்குள் மூக்கில் குறைந்து, நெஞ்சில் வேலை ஆரம்பித்திருக்கும். குச்சியை எவ்வளவு உள்ளே விட்டார்கள் என்பதைப் பொறுத்துக்கூட எண் மாறும். பெரிய கூட்டமாக எடுத்துப் பார்த்தால், வைரஸ் நிறைய இருந்தவர்களுக்கு நோய் கடுமையாகும் என்று சொல்பவர்கள் உண்டு, அப்படி இல்லை என்பவர்களும் உண்டு. பாதிச் சண்டையை வைரஸ் போடுகிறது, மீதியை நம் உடம்பே போடுகிறது. "என் எதிர்ல ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தா, நான் வயசைக் கேப்பேன், சுகரைக் கேப்பேன், மூச்சைப் பார்ப்பேன். அந்த நம்பரை வச்சு அவருக்கு ஜாதகம் எழுத மாட்டேன்," என்றார். பிறகு, "நீ அவரை எண்ணச் சொன்னியே, அது நல்ல வேலை," என்று சொல்லி வைத்துவிட்டார். மேடம் அப்படியெல்லாம் யாரையும் சட்டென்று பாராட்டுகிறவர் இல்லை. கடப்பாக்காரியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்த அன்று, மாப்பிள்ளையே கூப்பிட்டார். நான் வழக்கம்போலக் கேள்விகளை அடுக்கினேன். பதிலுக்குத் தட்டும் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தட்டித் தட்டி விரல் வலிக்குது," என்றார். குரல் தேய்ந்திருந்தது. ஆனால் வாக்கியம் முழுசாக, நடுவில் நிற்காமல் வந்தது.

என்னுடைய தனிமை அதற்கு முன்பே முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற செய்தி வந்ததும் லீவு போட்டேன். காலையில் மட்டும் வெளியே போகலாம் என்றிருந்த நாட்கள். நைனா விடிந்ததும் பைக்கோடு வந்து நின்றார். வழியெங்கும் கடைகள் சாத்தியிருந்தன. மாந்தோப்புகளில் மட்டும் லாரிகள் நின்று காய் ஏற்றிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து என் கையைப் பிடித்து, தக்காளியின் பதம் பார்ப்பதுபோல அமுக்கிப் பார்த்தார்.

"நிஜமாவே ஆறு இட்லியா?"

"ஆமா அத்தை."

"நான் உன்னை நம்பாம அழுதுக்கினு கெடந்தேன். அழ வேண்டியது வேற எடத்துல இருந்துகிது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அன்னிக்கி அப்படிக் கத்தலேன்னா நான் அவனுக்கு ரசம் வச்சுக் குடுத்துக்கினு உக்காந்திருப்பேன்."

"நான் கத்தலியே அத்தை."

"கத்தினே. நல்லாக் கத்தினே. அப்படியே கத்து, எப்பவும்."

மாப்பிள்ளை மெதுவாக நடந்து வெளியே வந்தார். நிச்சயத்தன்று பார்த்த ஆளில் பாதிதான் இருந்தது. தாடி வேறு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைத் தேடினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை பேசியும் நாங்கள் நேரில் பார்ப்பது இது இரண்டாவது தடவை. இரண்டு பேருக்கும் திடீரென்று கூச்சம் வந்துவிட்டது. நைனா, "வாங்க மாப்ள," என்றார். நான் கும்பிடு போட்டேன். அவரும் போட்டார். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "போன்ல அத்தனை பேச்சு பேசுனீங்க, இப்ப இன்னா எலெக்‌ஷனுக்கு நிக்கிறீங்களா?" என்று கேட்டார். வாசலில் நின்ற செக்யூரிட்டிகூடச் சிரித்துவிட்டார்.

வைகாசியில் கல்யாணம் நடக்கவில்லை. அவர் படியேறினால் மூச்சு வாங்காத அளவுக்குத் தேற வேண்டும் என்று ஆவணிக்குத் தள்ளினோம். அந்த இடைவெளியில் அத்தை சொந்தமாக விரலில் மாட்டுகிற ஒரு ஆக்ஸிஜன் மிஷின் வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சாந்திபுரத்தில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முகக்கவசத்தோடு வாசலில் போய் நின்று, "நம்பரைச் சொல்லாத, விரலை நீட்டு," என்பார். அவர் அனுப்பி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. வேறு இடம் பார்க்கச் சொன்ன உறவுக்காரரும் அதில் ஒருவர். அவரும் நல்லபடியாகத் திரும்பி வந்து, கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

பிச்சாட்டூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம். கூட்டம் சேர்க்கக் கூடாது என்பதால் இரண்டு வீட்டு ஆட்கள் மட்டும்தான். ஆனால் என் நைனாவுக்குக் கொஞ்சமாகச் சமைக்கச் சொல்லி வராது. மிஞ்சிய சாப்பாட்டை இலையில் பொட்டலம் கட்டி, பைக்கில் வைத்து, ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொடுத்துவிட்டு வந்தார்கள். கடப்பாக்காரி பட்டுப்புடவையும் முகக்கவசமுமாக நின்று, சாம்பாரில் கத்தரிக்காய் இருக்கிறதா என்று கரண்டியை விட்டுத் தேடிப் பார்த்து, இல்லை என்று மாப்பிள்ளைக்குச் சைகை காட்டினாள்.

மறுவாரம் சாந்திபுரம் போனேன். காலையில் எழுந்து வெளியே வந்தால் வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். புதுப்பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, புடவையைச் சரி செய்துகொண்டு போய் நின்றேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரிப்போர்ட். சுகர், தைராய்டு, ஸ்கேன். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலுமாக ஒரே நேரத்தில் நீட்டினார்கள். "எங்க வீட்டுப் பொண்ணு லேப்ல வேலை செய்றா, எல்லாம் தெரியும்," என்று அத்தைதான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு எல்லாம் தெரியாது என்று அவர்களுக்குப் புரியவைக்க ரொம்பப் பாடுபட்டேன். டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அது சரி, நீ முதலில் பார் என்றார்கள். பார்த்தேன்.

கடைசியாக ஒரு பெரியவர் எழுந்து, நான்காக மடித்த காகிதத்தை நீட்டினார். மேலும் கீழும் படித்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இது யாருக்கு எடுத்தது மாமா?"

"எங்க எருமைக்கு," என்றார். "பால் கொறஞ்சு போச்சு. டாக்டரு ரத்தம் எடுத்தாரு."

உள்ளே இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. நான் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். "எருமை எப்படி கீது? தீனி துன்னுதா?" என்று கேட்டேன்.

"நேத்துலேர்ந்து நல்லாத் துன்னுது."

"அப்ப நல்லதுதான் மாமா. இதை எடுத்த மாட்டு டாக்டர்கிட்டயே இன்னொரு தடவை காட்டிக்கோங்க."

அவர் திருப்தியாகக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அத்தை எல்லோருக்கும் காப்பி கொண்டு வந்தார்.